ஒரே வீட்டில் இரண்டு பம்பு

2023 டிசம்பரில் ஆரம்பித்து ஐந்து வாரம், நான் என் மாமனாரின் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தேன். திருட்டுத்தனமாக இல்லை, அவரே எடுத்துக் கொடுத்ததுதான். "உனுக்கும் மூச்சு, எனுக்கும் மூச்சு. இதுல இன்னா பெரிய வித்தியாசம் கீது? எடுத்துக்கோம்மா" என்றார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. நான் எம்.சி. ரோட்டில் ஒரு மொத்தத் துணிக்கடையில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவள். பில்லில் ஐம்பது பைசா உதைத்தால் கண்டுபிடித்துவிடுவேன். மருந்து டப்பாவில் இருந்த சின்ன எழுத்தை மட்டும் படிக்கவில்லை.

எனக்கு ஆஸ்துமா. எட்டு வயதில் கொருக்குப்பேட்டையில் ஆரம்பித்தது. மாமாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாக அடைபட்டுப்போகும் நோய். 26 வருஷம் ஹார்பரில் நிலக்கரி இறக்கியவர். அந்தக் காலத்தில் ராயபுரத்தில் காலையில் துணி காயப்போட்டால் சாயங்காலம் கறுப்புப் பொடியை உதறித்தான் எடுக்க வேண்டும். 2011இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்று எண்ணூர்ப் பக்கம் போனது. மாமாவின் நெஞ்சுக்குள் போக வேண்டியது அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. கூடவே தினம் ஒரு கட்டு பீடி.

எங்கள் இருவருக்கும் வெளியில் தெரிவது ஒன்றுதான். இழுப்பு, விசில் சத்தம், மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பது. ஆனால் என்னுடையது வரும், போகும். நல்ல நாளில் தண்டையார்பேட்டை மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை காய்கறியோடு நடந்தே வருவேன், ஒன்றும் தெரியாது. மாமாவுடையது போவதே இல்லை. நல்ல நாளில் கொஞ்சம் அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் பம்பு, அதாவது இன்ஹேலர், என்றாலே கடைசி ஸ்டேஜ் என்று அர்த்தம். "அது பழகிட்டா அப்புறம் விட முடியாது" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் பம்பை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். அதற்குள் எனக்குப் பதற்றத்தில் லேசாக இழுக்க ஆரம்பித்து, பஜ்ஜித் தட்டைக் கொடுத்துவிட்டு வந்து அரிசியில் கை விட்டுத் துழாவியது தனிக் கதை. சின்ன வயதில் எனக்கு வைத்தியம் என்றால் தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி. பத்து நிமிஷத்தில் மூச்சு திரும்பும், கை உதறும், ராத்திரி தூக்கம் வராது. அந்த ஊசியில் டெரிஃபிலின் என்ற மூச்சு மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தது என்று இருபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே என்று பயந்த அதே அம்மா, மாதம் இரண்டு தடவை என் உடம்பு முழுக்க ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை, யாரும் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் ஜூன் மாதம் உயிர் விரால் குஞ்சை மருந்தோடு முழுங்க வைக்கிறார்களே, அதற்கும் ஒருமுறை ரயில் டிக்கெட் வரை போனது. அப்பாதான் "காசிமேட்டை வெச்சிக்கிட்டு மீன் முழுங்க ஆந்திரா போவணுமா" என்று சொல்லி நிறுத்தினார்.

பம்பின் கணக்கு ரொம்ப எளிது. மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் 40 அழுத்து மருந்து இருக்கிறது. மாத்திரை வயிறு, ரத்தம், இதயம் எல்லாம் சுற்றிக் கடைசியில்தான் நுரையீரலுக்கு வரும். பம்பு நேராக அங்கேயே போகிறது. அதனால்தான் இத்தனை கொஞ்சம் போதும்.

சரி, டிசம்பர் கதைக்கு வருகிறேன். மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் நேதாஜி நகர் தெருவில் முட்டி வரை தண்ணீர். கரன்ட் இல்லை, பால் இல்லை, மருந்துக்கடை ஷட்டர் திறக்கவில்லை. நான் தினம் எடுக்கும் பம்பு 120 அழுத்து கொண்டது. காலையில் 2, ராத்திரி 2 என்றால் சரியாக 30 நாள். கவுண்டரில் பூஜ்யம் வந்த பிறகும் அழுத்தினால் 'புஸ்' என்று வந்தது. வருகிறதே என்று மூன்று நாள் இழுத்தேன். பூஜ்யத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் உந்தி விடும் வாயுதான், அதில் மருந்து எவ்வளவு இருக்கும் என்று நம்ப முடியாது. டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் உதவாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கவுண்டர் இல்லாத பம்பு என்றால் திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதிவைத்து எண்ணிக்கொள்வதுதான் வழி.

நாலாம் நாள் இருமல் கூடியதும் மாமா தன் காப்ஸ்யூல் பாட்டிலை நீட்டினார். அவருடையது பவுடர் மருந்து. காப்ஸ்யூலைக் கருவியில் போட்டு இழுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரே தடவை. இழுத்தேன். அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு லேசானது. தண்ணீர் வடிந்து கடை திறந்த பிறகும் நான் என் பம்பை வாங்கவில்லை. நாலு அழுத்துக்குப் பதில் ஒரு காப்ஸ்யூல், வாய் கொப்பளிக்கும் வேலையும் இல்லை, மாமாவிடம் இரண்டு மாத ஸ்டாக்கும் இருக்கிறது. கையில் காசும் குறைவு. எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

ஜனவரி 14, போகி. விடியற்காலை நாலரைக்கே தெருவில் பழைய பாயோடு டயரையும் சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். ஜன்னல் இடுக்கு வழியாக வந்த புகைக்கு எழுந்து உட்கார்ந்தேன். அவசர பம்பு, அதாவது சால்பியூட்டமால், இரண்டு அழுத்து எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நாலு. எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதினால் என் நல்ல நாள் எண் 390, அன்றைக்கு 190. வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்கிறார், நான் "மூ" என்று நிறுத்தி, மூச்சு எடுத்து, "ச்சு" என்கிறேன். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக்கூடாது. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஸ்பேசரில், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற குழாயில், அழுத்தி அழுத்திக் கொடுத்துக்கொண்டே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டி.எச். ரோடு முழுக்கப் புகை, எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

ஆக்ஸிஜனும் நெபுலைசரும் போய் ஒரு வழியாகப் பேச்சு வந்தபோது டாக்டரம்மா கேட்டார், "தினம் என்ன மருந்து எடுக்கறீங்க?" பையிலிருந்து மாமாவின் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். திருப்பிப் படித்தார்.

"இது உங்களுக்கு எழுதினதா?"

"மாமனாருக்கு, டாக்டர். அவருக்கு சி.ஓ.பி.டி."

"இதுல டையோட்ரோபியமும் ஃபார்மோட்டிராலும்தான் இருக்கு. ஸ்டீராய்டு இல்லை. எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம்."

அவர் திட்டவில்லை. "வீடு உள்ளே எரியுதும்மா. நீங்க ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு, புகை போயிடுச்சு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சிட்டீங்க" என்றார். போகி அன்றைக்கு அந்த உதாரணத்தைச் சொன்னால் மறக்குமா?

தினமும் இழுக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை மூன்று ஜாதிதான். ஒன்று, ஸ்டீராய்டு: பியூடிசோனைடு, ஃப்ளூடிகசோன், பெக்ளோமெத்தசோன். இது குழாயின் உள்சுவர் வீங்காமல் பார்த்துக்கொள்ளும். இழுத்ததும் எந்த வித்தியாசமும் தெரியாது, நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் தெரியும். அதனாலேயே ஜனங்கள் இதை முதலில் நிறுத்துவார்கள். இரண்டாவது, குழாயைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்துவது: ஃபார்மோட்டிரால், சால்மெட்டிரால், விலன்டெரால். மூன்றாவது, அந்தத் தசையை இறுக்கச் சொல்லும் நரம்புச் செய்தியையே மறிப்பது: டையோட்ரோபியம், கிளைகோபைரோனியம். பின்னால் சொன்ன இரண்டும் விரிப்பான்கள். கடையில் பத்துப் பதினைந்து பெயரில் விற்பதெல்லாம் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றோ, இரண்டோ, மூன்றுமோ சேர்ந்ததுதான். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. டப்பா நிறத்தை வைத்தும் முடிவு செய்யக்கூடாது. எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரே நிறத்தில் மூன்று விதமான மருந்தைக் காட்டினார்கள்.

ஆஸ்துமாவுக்கு அடித்தளம் ஸ்டீராய்டு. விரிப்பான் அதன் மேல்தான் வர வேண்டும், தனியாக வரக்கூடாது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஸ்மார்ட் என்ற ஆய்வில் 26,000க்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களில் ஒரு பாதிக்கு, வழக்கமாக எடுக்கும் மருந்தோடு சால்மெட்டிராலைச் சேர்த்தார்கள், மறுபாதிக்கு வெற்று மருந்து, அதாவது உள்ளே மருந்தே இல்லாத போலி. ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்டிரால் பக்கம் 13 பேர், மறுபக்கம் 3 பேர். கலந்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் ஸ்டீராய்டு பம்பு எடுக்காதவர்கள். ஸ்டீராய்டோடு சேர்த்து ஒரே பம்பில் கொடுத்தால் அந்த ஆபத்து இல்லை என்று பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. இதைப் படித்த ராத்திரி என் ஐந்து வாரத்தை நினைத்து வயிறு கலங்கியது. நான் எடுத்ததில் இருந்தது சால்மெட்டிரால் இல்லை, ஃபார்மோட்டிரால்தான். ஆனால் அதே குடும்பம். டையோட்ரோபியத்தை ஆஸ்துமாவுக்குத் தொடவே கூடாது என்றும் இல்லை. ஸ்டீராய்டும் விரிப்பானும் போதாத சிலருக்கு மூன்றாவதாகச் சேர்க்கிறார்கள். நான் செய்தது அடித்தளத்தை எடுத்துவிட்டு மாடி கட்டியது.

இன்னொன்றும் அந்தப் போகி அன்றுதான் மாறியது. அவசரத்துக்கு வெறும் சால்பியூட்டமாலை மட்டும் நம்புவது வேண்டாம் என்று ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019இலேயே சொல்லிவிட்டதாம். ஃபார்மோட்டிரால் சில நிமிஷத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் பியூடிசோனைடும் ஃபார்மோட்டிராலும் சேர்ந்த பம்பையே தினத்துக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு அவசர அழுத்தோடும் கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போகும். எனக்கு இப்போது அப்படித்தான். 6 மைக்ரோகிராம் ஃபார்மோட்டிரால் உள்ள பம்பில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 12 அழுத்துக்கு மேல் கூடாது, அதற்கு வெகு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சால்மெட்டிரால் உள்ள பம்பை இப்படி அவசரத்துக்கு எடுக்க முடியாது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டும் ஒரே ஜாதி, ஆனால் சுபாவம் வேறு. எதிர்வீட்டு அக்காவுக்கு இருப்பது சால்மெட்டிரால் பம்பு. என்னைப் பார்த்து அவரும் இழுப்பு வரும்போதெல்லாம் அதை அழுத்த ஆரம்பித்தார். நல்லவேளை, சீக்கிரமே கேட்டுக்கொண்டோம்.

மாமாவின் கதை தலைகீழ். அவரை ஆறு வருஷம் ஒரு தனியார் கிளினிக்கில் ஆஸ்துமா என்றே வைத்திருந்தார்கள். ஊதிப் பார்க்கும் சோதனை, அதான் ஸ்பைரோமெட்ரி, ஒருமுறைகூடச் செய்யவில்லை. அதிக டோஸ் ஸ்டீராய்டு சேர்ந்த மருந்து ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு முறை நிமோனியா. 2022இல் வேறொரு நெஞ்சு டாக்டர்தான் ஊத வைத்தார். ஒரு ஆள் முழு மூச்சையும் ஊதினால், அதில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. விரிப்பான் கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.7க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிரந்தரம். மாமாவுக்கு 0.54. எனக்கு அதே சோதனையில் விரிப்பான் கொடுத்ததும் நன்றாகவே ஏறியது. இந்த ஒரு காகிதம் இல்லாமல் வருஷக்கணக்கில் பம்பு வாங்கிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே ஐந்தாறு பேர் இருப்பார்கள்.

சி.ஓ.பி.டி.க்கு அடித்தளம் விரிப்பான்கள், அதுவும் பலருக்கு இரண்டையும் சேர்த்து. ஸ்டீராய்டு எல்லாருக்கும் வேண்டியதில்லை. ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற அணுவை எண்ணிப் பார்க்கிறார்கள். 300க்கு மேல் இருந்து அடிக்கடி மோசமானால் ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். 100க்குக் கீழே இருந்தால் பலன் ரொம்பக் கம்மி. மாமாவுக்கு 80. பலன் கம்மி என்பதோடு போகவில்லை. 2007இல் வெளிவந்த டார்ச் என்ற மூன்று வருஷ ஆய்வில், வெற்று மருந்து எடுத்த சி.ஓ.பி.டி. நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு நிமோனியா வந்தது, ஃப்ளூடிகசோன் சேர்ந்த மருந்து எடுத்தவர்களில் கிட்டத்தட்ட 20 பேருக்கு. டாக்டர் ஸ்டீராய்டைப் பார்த்துப் பார்த்து நிறுத்தி, இரண்டு விரிப்பான் காப்ஸ்யூலுக்கு மாற்றினார். அதற்கப்புறம் மாமாவுக்கு நிமோனியா வரவில்லை. மருந்தாலா, பீடியை விட்டதாலா, தடுப்பூசி போட்டதாலா என்று ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பெரியவரின் ஸ்டீராய்டைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் சேர்ந்தே இருக்கும், அவர்களுக்கு அது கட்டாயம்.

எந்த மருந்து என்பதில் இத்தனை ஆராய்ச்சி செய்த எங்களுக்கு, அதை எப்படி இழுப்பது என்பது தெரிந்திருந்ததா? காப்ஸ்யூல் வந்த முதல் நாலு நாள் மாமா அதைக் காலை டீக்கு அப்புறம் தண்ணீர் ஊற்றி முழுங்கினார். கருவியை யாரோ கொடுத்த விசில் என்று நினைத்துப் பேரன் விளையாடிக்கொண்டிருந்தான். "மாத்திரை சரியில்ல, ஒண்ணும் கேக்கல" என்று ஐந்தாம் நாள் மாமா சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிறகு இழுக்கக் கற்றார், அதுவும் டீ உறிஞ்சுவது போல மெதுவாக. பவுடர் கருவிக்கு அப்படி இழுத்தால் பவுடர் அங்கேயே கிடக்கும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, கருவிக்குள் ஊதிவிடாமல், பற்களுக்கு நடுவில் வைத்து உதட்டை மூடி, ஒரே இழுப்பில் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே காப்ஸ்யூல் 'டரடர'வென்று அடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம்தான் மாமாவுக்குப் பிடித்துப்போனது. "சைக்கிள் சக்கரத்துல அட்டை சொருகினா மாதிரி கீது" என்றார். அப்புறம் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். மாமாவுக்கு ஆறு வரைக்கும்தான் முடிகிறது. அது போதும் என்றார்கள்.

என் பம்பு அப்படியே எதிர்மாறு. அது தானே சீறி வரும். வேகமாக இழுத்தால் தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். குலுக்கி, மூச்சு விட்டு, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போது அழுத்தி, இழுத்துக்கொண்டே போக வேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிஷமாவது இடைவெளி. ஸ்பேசர் இருந்தால் இந்தத் தாள லயமெல்லாம் தப்பினாலும் பரவாயில்லை. பெரியவர்களுக்கு ஸ்பேசர் எதற்கு என்று நான் பத்து வருஷம் வாங்காமல் இருந்தேன், கூச்சம்தான் காரணம். அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காற்றில் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் ஸ்பேசர் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பு வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு இதைச் சோதித்து 1999இல் எழுதியிருக்கிறார்கள், கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்ததாம்.

ஸ்டீராய்டு எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நான் சோம்பேறித்தனம் பட்ட ஒரு மாதத்தில் நாக்கில் வெள்ளை படிந்து, கடையில் முதலாளி "என்ன, தொண்டை கட்டிடுச்சா?" என்று கேட்கும் அளவுக்குக் குரல் போனது. பல் தேய்ப்பதற்கு முன்னால் பம்பு என்று வைத்துக்கொண்டதும் பிரச்சினை தீர்ந்தது. மாமாவுக்கு டையோட்ரோபியத்தால் வாய் உலர்கிறது, சட்டைப்பையில் எப்போதும் கல்கண்டு இருக்கும். பிராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைபடலாம், ஒருவகைக் கண் அழுத்த நோய்க்கும் இது ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்தும் அவர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அத்தைதான் அடுத்த செக்கப்பில் டாக்டர் எதிரிலேயே போட்டு உடைத்தார். மாத்திரை ஒன்று கூடியது.

கடல் காற்றில் எங்கள் வீட்டில் உப்பே கசியும், காப்ஸ்யூல் எம்மாத்திரம். வாரம் முழுக்க வேண்டிய காப்ஸ்யூலை எடுத்து ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார் மாமா. மூன்றாம் நாளே நசநசத்து, உள்ளே பவுடர் கட்டியாகிக் கிடந்தது. இப்போது பாட்டிலிலிருந்து இழுக்கும் நேரத்தில்தான் ஒன்றை எடுப்பது, மூடியை உடனே இறுக்குவது, சமையல் மேடைப் பக்கம் வைப்பதே இல்லை.

பாட்டில்கள் இப்போது ஹாலில் காலண்டருக்குக் கீழே, தனித்தனி டிபன் டப்பாவில். என் டப்பா மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'ஸ்டீராய்டு உண்டு' என்று எழுதியிருக்கிறேன். மாமா தன் டப்பாவில் தானே எழுதிக்கொண்டார், 'ஹார்பர்' என்று. என் கவுண்டர் 20க்கு வந்தால் அவர்தான் முதலில் பார்க்கிறார். காலையில் பேப்பர் எடுக்க வரும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் படித்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "இன்னாம்மா, துட்டு வந்துச்சா? இன்னும் அஞ்சு நாளுக்குத்தான் கீது."